ஜமாஅத் அலுவலகக் கணினியும் ஓர் அமானிதமே



நம் பள்ளிவாசல்களின் உண்டியலுக்குப் பூட்டு உண்டு. பல ஊர்களில் அது ஒரு சாவிக்குத் திறவாது. தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாக இரு சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும். எண்ணும்போது நிர்வாகிகள் சிலர் உடனிருப்பர். எண்ணிய தொகை அன்றே ஏட்டில் ஏறும். நிக்காஹ் தஃப்தர் கண்டவர் கைக்குப் போகாது. வக்ஃப் பத்திரங்கள் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பொதுச் சொத்தைப் பேணுவதில் நம் முன்னோர் காட்டிய இந்தக் கவனம் பெருமைக்குரியது.

அதே அலுவலகத்தில், அந்த இரும்புப் பெட்டிக்கு அருகிலேயே மேசைமேல் ஒரு கணினி இருக்கிறது. பல இடங்களில் அது பொத்தானை அழுத்தியதும் எவருக்கும் திறக்கிறது. கடவுச்சொல் கேட்பதில்லை; கேட்டாலும், அது திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தலைவர், செயலாளர், எழுத்தர், மதரஸா ஆசிரியர், தேர்வு முடிவு பார்க்க வரும் மாணவர், விடுமுறையில் பொழுதுபோக்க வரும் சிறுவர் என அனைவரும் ஒரே பெயரில் உள்ளே நுழைகின்றனர்.

அந்தக் கணினிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். ஊரின் தலைக்கட்டுப் பட்டியலும் சந்தா நிலுவையும் இருக்கின்றன. நிக்காஹ் பதிவுக்காகப் பெற்ற ஆதார் நகல்களும் மணமக்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. ஜகாத்தும் ஃபித்ராவும் பெற்ற குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. கணவன் மனைவி பிணக்கில் ஜமாஅத்திடம் கொடுக்கப்பட்ட மனுக்களும், தலாக், குலா தொடர்பான கடிதங்களும் இருக்கின்றன. மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் விவரங்கள் இருக்கின்றன. உண்டியலில் இருப்பது பணம். இதற்குள் இருப்பதோ மனிதர்களின் மானம். பணம் போனால் ஈட்டிவிடலாம். உதவி பெற்ற ஒரு விதவையின் பெயர் ஊர் முழுவதும் கைப்பேசிகளில் சுற்றிவிட்டால் அதை மீட்டெடுக்க எவராலும் இயலாது.

ஆகவே நாம் வலியுறுத்த விரும்புவது இதுதான்: இந்தக் கணினியில் இயங்குதளத்தை முறையாக நிறுவுவதும், அதைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைப்பதும் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்களின் விருப்ப வேலையன்று. உண்டியலுக்குப் பூட்டுப் போடுவது எந்த வகைப் பொறுப்போ, அந்த வகைப் பொறுப்பே இதுவும். நிர்வாகக் குழு கூடி முடிவு செய்து செயற்படுத்த வேண்டியது.

கடவுச்சொல் எதற்காகத் தோன்றியது?

கணினிக் கடவுச்சொல் திருடர்களுக்கு அஞ்சி உருவானதன்று. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் உருவானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரின் தலைமையில், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்க ஒரு கணினி அமைப்பு உருவாக்கப்பட்டது. ஒருவரின் கோப்புகள் மற்றவரின் கோப்புகளோடு கலவாதிருக்க வேண்டும் என்பதற்காக அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் வாழ்வோருக்குத் தனித்தனி அறை ஒதுக்குவதைப் போன்ற ஏற்பாடு அது.

பின்னர் 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் கணினிப் பாதுகாப்புக்குரிய அடிப்படை நெறிகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினர். ஒருவர் தம் பணியை முடிக்க எவ்வளவு உரிமை தேவையோ அவ்வளவு உரிமையை மட்டுமே அவருக்கு அளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்று நாம் பயன்படுத்தும் இயங்குதளங்களில் நிர்வாகிக் கணக்கு, சாதாரணக் கணக்கு என இரு வகை இருப்பதன் பின்னணியில் உள்ள நெறி இதுவே.

இந்த நெறி நமக்குப் புதியதன்று. பிறர் இல்லத்தினுள் அனுமதி பெறாமல் நுழைய வேண்டாம் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. அதோடு நில்லாமல், ஒரே வீட்டில் வாழும் சிறுவர்கூட நாளின் மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்றும் அது ஒழுங்கு வகுக்கிறது. அன்பு இருக்கும் இடத்திலும் கதவு தேவை என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க இயலுமா?

“ஃபார்மட் அடித்துத் தருகிறேன்”

கணினி மெதுவாக இயங்கத் தொடங்கினால் நாம் கடைக்காரரிடம் கொண்டு செல்கிறோம். “ஃபார்மட் அடித்துத் தருகிறேன்” என்கிறார். மாலையில் திரும்பி வரும் கணினியில் பெரும்பாலும் உரிமம் பெறாத விண்டோஸ் நகல் இருக்கும். உரிமம் கேட்கும் அறிவிப்பு வராமலிருக்க ஏதோ ஒரு சிறுநிரலும் ஓட்டப்பட்டிருக்கும். கடவுச்சொல் இல்லாத ஒரே கணக்கு இருக்கும். அதுவும் எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகிக் கணக்காகவே இருக்கும்.

உரிமையாளரின் அனுமதியின்றி எடுத்த நகலை அல்லாஹ்வின் இல்லத்துப் பணிக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பாதுகாப்பை மட்டும் கருதினாலும் இது ஆபத்தானது. உரிமத்தை ஏமாற்றும் நிரல்கள் பல, வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்திவைக்கும்படி கேட்கின்றன. யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்காக வீட்டுக் காவலாளியை வெளியே அனுப்புகிறோம். அத்தகைய நிரல்களின் வழியாகக் கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல்கள் பரவியது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

புதுப்பிப்பைத் தவிர்ப்பதும் இதே அளவு தீங்கானது. 2017 மே 12 அன்று ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைத்தொகை கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதங்களாக அதை நிறுவிக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின.

இன்று பல ஜமாஅத் அலுவலகங்கள் எதிர்நோக்கும் நிலையும் இதைப் போன்றதே. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், 4 ஜிபி நினைவகத்தையும், 64 ஜிபி சேமிப்பிடத்தையும், அங்கீகரிக்கப்பட்ட செயலியையும் கேட்கிறது. நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் பலவற்றுக்கு இத்தகுதி இராது.

அதற்காகப் புதுக் கணினி வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் விலையின்றி, உரிமச் சிக்கலின்றிக் கிடைக்கின்றன. லினக்ஸ் மின்ட் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் அது சீராக ஓடும். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் கட்டற்ற இயங்குதளத்தில்தான் கணினி கற்கின்றனர்.

இதில் இரு தடைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்காக உருவானவை. கணக்கு அதில்தான் எழுதப்படுகிறது என்றால், உரிமம் பெற்ற விண்டோஸே பொருத்தமானது. அதற்கான செலவை ஆண்டு வரவுசெலவில் சேர்த்துவிடலாம். அடுத்தது, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் புதிய கணினியில் அவை புரியாத குறிகளாகவே தோன்றும். எந்த இயங்குதளத்துக்கு மாறினாலும் ஒருநாள் செய்தாக வேண்டிய வேலை அது. இப்போதே செய்துவிடுவது நல்லது.

நிறுவும் நாளில் கவனிக்க வேண்டியவை

புதிய இயங்குதளம் நிறுவும்போது பழைய கோப்புகள் அழிந்துபோகக்கூடும். ஆகவே அனைத்தையும் முதலில் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் நகலெடுக்க வேண்டும். நகலெடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

இயங்குதளத்தை அதை வெளியிடுவோரின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். அதுவும் போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த ஒரு நகலைப் பரப்பினர். இத்தகைய மோசடியைக் கண்டறியவே, ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண் வெளியிடப்படுகிறது. அந்த எண்ணுடன் வெளியிட்டோரின் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும். பதிவிறக்கிய கோப்பை இவ்விரண்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

நிறுவும்போதே வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்குக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டோம், போதுமே என்று பலர் எண்ணுகின்றனர். மறையாக்கம் இல்லாத கணினியில் ஒரு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்கினால், கடவுச்சொல்லே இன்றி எல்லாக் கோப்புகளையும் படித்துவிடலாம். கணினி களவு போனாலும், பழுதுபார்க்கக் கொடுத்தாலும், பழைய வன்தட்டு விற்பனைக்குப் போனாலும் ஊரின் விவரங்களைக் காப்பது மறையாக்கம் ஒன்றே. ஆனால் அதன் திறவுச்சொல் தொலைந்தால் உரியவர்களாலும் கோப்புகளை மீட்க இயலாது. எனவே அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டி, நிர்வாகிகள் இருவர் கையொப்பமிட்டு, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும்.

யாருக்கு எந்த வாசல்?

நிறுவல் முடியும்போது உருவாகும் முதல் கணக்கு, விண்டோஸிலும் சரி, லினக்ஸ் மின்ட்டிலும் சரி, நிர்வாகி அதிகாரம் கொண்டதாகவே இருக்கும். அன்றாடப் பணிக்கு அதைப் பயன்படுத்துவதுதான் எங்கும் காணப்படும் பிழை. நிர்வாகிக் கணக்கில் இருக்கும்போது தவறான ஓர் இணைப்பைத் திறந்துவிட்டால், உள்ளே நுழையும் தீநிரலுக்கும் கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் கிடைத்துவிடக்கூடும். சாதாரணக் கணக்கில் இருந்தால், பாதிப்பு பெரும்பாலும் அந்த ஒருவரின் கோப்புகளோடு நிற்கும்.

நாம் பரிந்துரைக்கும் ஒழுங்கு பின்வருமாறு:

நிர்வாகிக் கணக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும். மென்பொருள் நிறுவவும் கணக்குகளைச் சேர்க்கவும் நீக்கவும் தவிர வேறெதற்கும் அதில் நுழைய வேண்டாம். அதன் கடவுச்சொல் பொறுப்பாளர் ஒருவரிடமும், இரும்புப் பெட்டியிலுள்ள உறையிலும் இருக்கட்டும்.

செயலாளர், பொருளாளர், எழுத்தர், மதரஸா ஆசிரியர் ஆகிய ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் சாதாரணக் கணக்கு இருக்கட்டும். ‘ஆபீஸ்’ என்ற பொதுப் பெயரில் ஒரு கணக்கு வைத்து நால்வர் பகிர்ந்துகொள்வது பழைய நிலைக்கே திரும்புவதாகும்.

கணக்கேடுகள் உள்ள கோப்புறையைப் பொருளாளரும் செயலாளரும் மட்டும் திறக்கட்டும். ஜகாத் பட்டியலை அப்பொறுப்பில் இருப்பவர் மட்டும் திறக்கட்டும். மதரஸா ஆசிரியருக்குப் பிள்ளைகளின் வருகைப் பதிவு தேவை. குடும்பப் பிணக்கு மனுக்கள் தேவையில்லை.

மாணவர்களுக்கும் விருந்தினருக்கும் எந்தக் கோப்பும் இல்லாத ஒரு தனிக் கணக்கு இருக்கட்டும். அவர்களை விரட்ட வேண்டியதில்லை. அவர்களுக்குரிய வாசல் வழியே வரச் செய்தால் போதும்.

ஐந்து நிமிடம் எவரும் தொடாவிட்டால் திரை தானே பூட்டிக்கொள்ளும்படி அமைக்கலாம். பாங்கு ஒலித்ததும் எழுந்து தொழுகைக்குச் செல்பவர், திறந்த திரையை விட்டுச் செல்லாதிருக்க இது உதவும்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்தால் நினைவில் வைக்க எளிது, ஊகிக்க அரிது. கால இடைவெளி வைத்துக் கட்டாயமாக மாற்றச் செய்வதால் பயனில்லை என்பதே அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் பழைய சொல்லின் இறுதியில் ஓர் எண்ணைச் சேர்த்து ஒப்பேற்றிவிடுகின்றனர். கடவுச்சொல் வெளியானதாக ஐயம் எழுந்தாலும், அதை அறிந்தவர் பொறுப்பிலிருந்து விலகினாலும் உடனே மாற்ற வேண்டும்.

நிர்வாகம் மாறும் வேளைதான் மிகவும் முக்கியமானது. புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது சாவிக்கொத்தையும் ஏடுகளையும் எண்ணி வாங்குகிறோம். அதே பட்டியலில் கணினிக் கணக்குகளும் இடம்பெற வேண்டும். விலகியவரின் கடவுச்சொல்லை வந்தவருக்குக் கொடுப்பது முறையன்று. விலகியவரின் கணக்கை முடக்கி, கோப்புகளை எடுத்துவைத்து, வந்தவருக்குப் புதுக் கணக்கு அமைப்பதே முறை. ஜமாஅத்தின் மின்னஞ்சல் முகவரிக்கும் இது பொருந்தும்.

இவ்வளவு செய்த பிறகும் வாரம் ஒருமுறை நகலெடுப்பதை நிறுத்தலாகாது. சாதாரணக் கணக்கில் நுழையும் தீநிரலும் அந்த ஒருவரின் கோப்புகளைப் பூட்டிவிட முடியும். நகல் வைத்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பதே அதற்கு மருந்து.

“சகோதரர்களுக்கிடையே பூட்டு எதற்கு?”

இந்த யோசனையை முன்வைத்தால் எழும் முதல் மறுப்பு இதுவே. நாற்பது ஆண்டுகளாக ஒன்றாக இருக்கிறோம், இப்போது ஒருவரையொருவர் சந்தேகிப்பதா என்று பெரியவர்கள் மனம் வருந்திக் கேட்கின்றனர். அந்த வருத்தத்தை நாம் மதிக்கிறோம். எனினும் மறுபக்கத்தையும் அவர்கள் சிந்திக்க வேண்டும்.

சந்தாக் கணக்கில் ஒரு தொகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒரு குடும்பத்தின் மனு வெளியே கசிந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்திருந்தால், அதைத் திறந்தவர் யார் என்று கணினியால் சொல்ல முடியாது. அப்போது ஐயம் யார்மீது விழும்? நாள்தோறும் அந்த நாற்காலியில் அமரும் எழுத்தர்மீதுதான். குறைந்த ஊதியத்துக்கு உழைக்கும் அந்த ஏழைச் சகோதரர் தம் நேர்மையை நிரூபிக்க எந்தச் சான்றும் இராது. தனித்தனிக் கணக்கு இருந்தால், யார் எப்போது நுழைந்தார் என்பதைக் கணினியே பதிந்து வைத்திருக்கும். ஆகவே பூட்டினால் பெரும் பயன் அடைபவர் நேர்மையானவரே.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் நம் மார்க்கம் கற்பித்தது. அன்புடையோரிடையே பின்னாளில் ஐயம் எழாதிருக்கவே அந்த ஏற்பாடு. எழுதச் சொன்னதால் எவரும் அவமதிக்கப்பட்டதாகக் கருதுவதில்லை.

வயது முதிர்ந்தோருக்குக் கடவுச்சொல் நினைவில் நிற்காது என்பது அடுத்த மறுப்பு. நாற்பது ஆண்டுகள் முன்பு நடந்த நிக்காஹ்வின் மஹர் தொகையைக்கூட நினைவிலிருந்து சொல்லும் பெரியவர்கள் நம்மிடம் உண்டு. நான்கு சொற்கள் அவர்களுக்குச் சுமையாகா. மறந்தாலும், நிர்வாகிக் கணக்கின் வழியாகப் புதிது அமைத்துக் கொடுத்துவிடலாம்.

சட்டத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைக் கணினியில் கையாள்வோருக்கு அவற்றைப் பாதுகாக்கும் கடமையை விதிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி மட்டுமே இதைச் செய்ய வேண்டிய சமுதாயம் அல்ல நாம். கொடுத்தவர் கேட்காவிட்டாலும் அமானிதத்தைப் பேணியவர்களின் வழி வந்தவர்கள் நாம்.

நம் இல்லங்களிலும் இவ்வொழுங்கைக் கொண்டுவரலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால், தந்தையின் வங்கிப் பக்கமும் தாயின் படங்களும் பிள்ளைகளின் விளையாட்டு நிரல்களோடு கலவா. வாசலில் அனுமதி கேட்கப் பழகும் பிள்ளை, திரையிலும் அனுமதி கேட்கப் பழகும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் ‘அலுவலகக் கணினி’ என்று ஒரு வரி சேருங்கள். ஊரில் கணினி படித்த இளைஞர்கள் இருவரை அழையுங்கள். ஒரு விடுமுறை நாளை அவர்களிடம் கேளுங்கள். உண்டியல் சாவியை யார் வைத்திருக்கிறார் என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. தம் பிள்ளையின் விவரமும் தம் குடும்பத்தின் மனுவும் யார் கண்ணில் படுகின்றன என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அவர்கள் கேட்பதற்கு முன்பே விடையோடு நிற்பதே பொறுப்பேற்றோருக்கு அழகு.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரிய முறையில் பேணிக் காக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.